அத்தியாயம் 6: வரைந்தால் போதாது, காட்டவும் வேண்டும்

இந்த அத்தியாயம் முடியும்போது உங்கள் திரையில் ஒரு கேரம் போர்டு இருக்கும். மவுஸை அழுத்தினால் ஸ்ட்ரைக்கர் ஓடும், சட்டத்தில் பட்டுத் திரும்பும், வேகம் குறைந்து நிற்கும். காய்களை மோதவிடுவதை அடுத்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.

கேரமை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை இந்த ஆட்டத்தை யாருக்கும் விளக்கவேண்டிய அவசியமில்லை. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் 3 தங்கம் வென்ற காசிமா, காசிமேட்டுக்குப் பக்கத்திலுள்ள செரியன் நகரைச் சேர்ந்தவர். பறக்கும் டிராகனை வைத்து கேம் எழுதினால் அது சரியாகப் பறக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்ட்ரைக்கர் தப்பாக ஓடினால் தெருவில் போகிற பையன்கூட நின்று சொல்லிவிட்டுப் போவான். நிரல் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

தேவையானவை

பைத்தான் 3, அதன் மேல் பைகேம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் படித்தவர்களுக்குப் பைத்தான் புதிதல்ல. பழைய லேப்டாப் தாராளமாகப் போதும்.

இந்தப் புத்தகத்தில் பைகேம் கட்டளைகளை ஒலிப்பில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். நீங்களாக வைக்கும் மாறிகளுக்கு மட்டும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். போர்டு_படம், வேகம், ஸ்ட்ரைக்கர்_இடம் என்று எழுதினால் ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தாலும் எது எதற்கு என்று புரியும்.

தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே தத்துவம்

நீங்கள் வட்டம் வரையச் சொன்னதும் அது நேராகத் திரைக்குப் போவதில்லை. நினைவகத்தில் உள்ள ஒரு மறைவான பரப்பில் விழுகிறது. கடைக்காரர் ஷட்டரை இறக்கிவைத்துக்கொண்டு சரக்கை அடுக்குவதைப்போல இந்த வேலை நடக்கிறது. அடுக்கி முடித்து ஷட்டரை ஏற்றினால்தான் வாடிக்கையாளர் கண்ணுக்கு ஏதாவது தெரியும். பைகேமில் ஷட்டரை ஏற்றும் கட்டளையின் பெயர் டிஸ்ப்ளே.ஃபிளிப்.

ஆகவே விதி இதுதான்: சுழலின் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் கணக்கிடலாம், எத்தனை பொருளை வேண்டுமானாலும் வரையலாம். காட்டுவது ஒரே ஒரு முறை, அதுவும் எல்லாம் வரைந்து முடித்த பிறகு. புதிதாக எழுதுகிறவர்களுக்குத் திரையில் வரும் சங்கடங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியை மீறுவதால் வருபவை.

அளவு எடுத்தல்

போட்டிக்கான கேரம் போர்டில் ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம். ஒரு செ.மீ.க்கு 10 பிக்சல் என்று வைத்தால் கணக்கு சுலபம், ஆனால் 740 பிக்சல் உயர ஜன்னல் 1366×768 திரையில் டாஸ்க்பாருக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். ஒரு செ.மீ.க்கு 8 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

- ஜன்னல்: 592×592
- ஸ்ட்ரைக்கர் (4.13 செ.மீ.): விட்டம் 33, ஆரம் 17 என்று எடுத்துக்கொள்ளலாம்
- காய் (3.18 செ.மீ.): விட்டம் 25
- பாக்கெட் (4.45 செ.மீ.): ஆரம் 18, நான்கு மூலையிலும்
- நடு வட்டம் (17 செ.மீ.): ஆரம் 68, மையம் 296, 296
- அடிக்கோடுகள் (47 செ.மீ. நீளம்): உங்கள் பக்கத்தில் எக்ஸ் 108 முதல் 484 வரை, ஒய் 486-ல் ஒன்று, 511-ல் ஒன்று

ஸ்ட்ரைக்கர் முதலில் நிற்குமிடம் இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே: எக்ஸ் 296, ஒய் 498. பைகேமில் ஒய் மேலிருந்து கீழாக வளரும் என்பதை மறக்கவேண்டாம். பள்ளியில் வரைந்த வரைபடத் தாளை நினைத்துக்கொண்டு எழுதினால் ஸ்ட்ரைக்கர் எதிராளியின் பக்கத்தில் போய் உட்காரும்.

படிகள்

முதல் மூன்று படிகளைச் சுழலுக்கு வெளியே, ஒரே முறை செய்யவேண்டும்.

1. பைகேமைத் தொடங்கி, டிஸ்ப்ளே.செட்_மோட் மூலம் 592×592 ஜன்னலைத் திறந்து அதற்குத் திரை என்று பெயர் வையுங்கள். டைம்.கிளாக் மூலம் ஒரு கடிகாரத்தையும் உருவாக்கிவிடுங்கள்.

2. அதே அளவில் சர்ஃபேஸ் ஒன்றை உருவாக்கி போர்டு_படம் என்று பெயர் கொடுங்கள். மர நிறம், கோடுகள், வட்டங்கள், பாக்கெட்டுகள் எல்லாவற்றையும் இதில் வரையுங்கள். போர்டு மாறாத பொருள். அதைச் சுற்றுக்குச் சுற்று கோடுகோடாக வரைவது வீண் வேலை.

3. படக்கோப்பு எதையாவது பயன்படுத்தினால் அதையும் இங்கேயே ஏற்றி, கன்வர்ட் கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். ஓரங்கள் வெளிப்படையாக உள்ள படமானால் கன்வர்ட்_ஆல்ஃபா.

இனி வருவது சுழலுக்குள். வரிசை மாறக்கூடாது.

4. கடிகாரம்.டிக்(60) என்று கொடுங்கள். அது நொடிக்கு 60 சுற்றுக்கு மேல் ஓடாமல் பிடித்துவைக்கும். கூடவே, போன சுற்றிலிருந்து எத்தனை மில்லி நொடி ஆனது என்ற எண்ணையும் திருப்பித் தரும். அதை 1000-ஆல் வகுத்து இடைவெளி என்ற மாறியில் வையுங்கள். 0.05-க்கு மேல் போனால் 0.05 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஈவென்ட்.கெட் மூலம் வந்திருக்கும் நிகழ்வுகளை எடுங்கள். மூடும் பொத்தான் என்றால் சுழலை முடியுங்கள். மவுஸ் அழுத்தம் என்றால், ஸ்ட்ரைக்கரிலிருந்து அழுத்திய இடத்தை நோக்கிய திசையைக் கணக்கிட்டு, வேகத்தை நொடிக்கு 1200 பிக்சல், அதாவது 150 செ.மீ. என்று வையுங்கள். சரியாக ஸ்ட்ரைக்கரின் மையத்தையே அழுத்தியிருந்தால் தூரம் பூஜ்யம் ஆகிவிடும், வகுத்தல் வெடிக்கும். அந்த அழுத்தத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுங்கள்.

6. ஸ்ட்ரைக்கரை நகர்த்துங்கள். இடைவெளியை 4 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முறை: இடத்தோடு திசை × வேகம் × துண்டு கூட்டு; வேகத்திலிருந்து 800 × துண்டு கழி; வேகம் பூஜ்யத்துக்குக் கீழே போனால் பூஜ்யமாக்கு. ஸ்ட்ரைக்கரின் மையம் 17-க்குக் குறைந்தாலோ 575-ஐத் தாண்டினாலோ, தாண்டிய தூரத்தை அப்படியே உள்பக்கம் மடக்கி, அந்தத் திசையின் குறியை மாற்றுங்கள்.

7. திரை மேல் போர்டு_படத்தை பிளிட் செய்யுங்கள், அதாவது அப்படியே நகலெடுத்து ஒட்டுங்கள். பழைய ஸ்ட்ரைக்கர் இதில் மூடப்பட்டுவிடும்.

8. புது இடத்தில் ஸ்ட்ரைக்கரை வரையுங்கள். ஸ்கோர் போன்ற எழுத்துகள் இருந்தால் அதற்கும் மேலே, கடைசியாக.

9. டிஸ்ப்ளே.ஃபிளிப். சுழலில் வேறெங்கும் இந்தக் கட்டளை இருக்கக்கூடாது.

ஆறாவது படியில் துண்டு போடச் சொன்னதற்குக் காரணம் அடுத்த அத்தியாயத்தில்தான் முழுதாகப் புரியும், இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணினி திணறி நொடிக்கு 20 சுற்று மட்டும் ஓடினால் ஸ்ட்ரைக்கர் ஒரு சுற்றில் 60 பிக்சல் தாவும். ஸ்ட்ரைக்கரும் காயும் தொட்டுக்கொள்ள மையங்களுக்கிடையே 29 பிக்சல் இருக்கவேண்டும். 60 பிக்சல் தாவுகிற ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமலே அந்தப் பக்கம் போய்விடலாம், லேசாக உரசிப்போகும் அடிகளில் இது இன்னும் சகஜம். துண்டு போட்டால் ஒவ்வொரு தாவலும் 15 பிக்சல்தான். நான்கு முறை கணக்கிட்டாலும் காட்டுவது ஒரு முறையே. விதி மீறப்படவில்லை.

குறிப்பு: எல்லாவற்றையும் மறுபடி வரைவது வீணில்லையா?

நியாயமான சந்தேகம். 592×592 என்றால் 3,50,464 பிக்சல். ஒன்றுக்கு 4 பைட் வீதம் ஒரு சுற்றுக்கு 1.4 மெகாபைட், நொடிக்கு 84 மெகாபைட். பெரிதாகத் தெரியும், ஆனால் பத்து வருடப் பழைய லேப்டாப்புக்கும் இது சாதாரணச் சுமை. டிஸ்ப்ளே.அப்டேட் கட்டளைக்கு மாறிய பகுதிகளை மட்டும் கொடுத்துப் புதுப்பிக்கலாம். அப்படிச் செய்தால் ஸ்ட்ரைக்கர் இப்போது நிற்கும் செவ்வகத்தோடு, போன சுற்றில் நின்ற செவ்வகத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். இரண்டாவதை மறப்பவர்கள் அதிகம், பழைய ஸ்ட்ரைக்கர் போர்டில் ஒட்டிக்கொண்டே நிற்கும். என் யோசனை, இந்த அளவு கேமுக்கு அந்தப் பக்கமே போகவேண்டாம்.

திரையைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடித்தல்

*ஜன்னல் கறுப்பாகவே இருக்கிறது.* ஃபிளிப் விட்டுப்போயிருக்கும், அல்லது சுழலுக்கு வெளியே நிற்கும். பைத்தானில் உள்தள்ளல் ஒரு படி குறைந்தாலே வரி சுழலை விட்டு வெளியே போய்விடும் என்பதால் இது அடிக்கடி நடக்கும். போர்டு தெரிந்து ஸ்ட்ரைக்கர் மட்டும் காணாமல் போனால், ஸ்ட்ரைக்கரை வரைந்த பிறகு போர்டை பிளிட் செய்திருப்பீர்கள்.

*ஸ்ட்ரைக்கர் போன வழியெல்லாம் கோடாக இழுத்துக்கொண்டு போகிறது.* ஏழாவது படி இல்லை. ஸ்ட்ரைக்கர் நகரவில்லை, ஒவ்வொரு சுற்றிலும் இன்னொரு ஸ்ட்ரைக்கர் சேர்ந்துகொண்டிருக்கிறது.

*போர்டு படபடவென்று மின்னுகிறது.* ஃபிளிப் இரண்டு இடத்தில் இருக்கிறது. போர்டை வரைந்ததும் ஒன்று, ஸ்ட்ரைக்கரை வரைந்ததும் ஒன்று. ஸ்ட்ரைக்கர் இல்லாத போர்டும் இருக்கிற போர்டும் மாறிமாறித் தெரிவதைத்தான் கண் மின்னல் என்று நினைக்கிறது. காய்களை ஒவ்வொன்றாக வரையும் சுழலுக்குள் ஃபிளிப்பைப் போட்டால் 19 காய்க்கு 19 முறை காட்டும், பார்க்கவே முடியாது. கோப்பில் ஃபிளிப் என்ற சொல்லைத் தேடுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் மற்றவற்றை அழியுங்கள். அப்டேட் என்ற சொல்லையும் தேடுங்கள், அதன் வேலையும் அதுவேதான்.

*ஜன்னல் வெளிறிப்போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்கிறது.* ஐந்தாவது படி ஓடவில்லை. நிகழ்வுகளை நீங்கள் எடுக்காவிட்டால், நிரல் செத்துப்போய்விட்டது என்று இயங்குதளம் முடிவுகட்டிவிடும். ஃபவுல் என்று எழுத்துக் காட்டிவிட்டு 2 நொடி டைம்.ஸ்லீப் போட்டாலும் அந்த நேரம் முழுக்க ஜன்னல் உறைந்து நிற்கும். ஸ்லீப்பை விடுங்கள். ஃபவுல் ஆன நேரத்தை டைம்.கெட்_டிக்ஸ் மூலம் குறித்துக்கொண்டு, 2000 மில்லி நொடி ஆகும்வரை அந்த எழுத்தை ஒவ்வொரு சுற்றிலும் வரைந்தால் போதும்.

*ஸ்ட்ரைக்கர் நகரும்போது குறுக்கே வெட்டுப்பட்டதுபோல் தெரிகிறது.* திரை பாதி புதுப்பித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அடுத்த படத்தைக் கொடுத்துவிட்டீர்கள். சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை, அதாவது 16.7 மில்லி நொடிக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பைகேம் 2-ல் ஜன்னலைத் திறக்கும்போது ஸ்கேல்ட் என்ற கொடியோடு விசிங்க் = 1 என்றும் கேட்டுப்பாருங்கள். கேட்டால் கிடைத்தே தீரும் என்ற உத்தரவாதம் இல்லை, அது கிராஃபிக்ஸ் டிரைவரைப் பொறுத்தது.

*ஜன்னலை இழுத்து நகர்த்தியதும் ஸ்ட்ரைக்கர் எங்கோ குதிக்கிறது.* விண்டோஸில் இழுக்கும் நேரம் முழுக்கச் சுழல் நிற்கும். விட்டதும் இடைவெளி ஒரேயடியாக 2 நொடி என்று வரும். நான்காவது படியில் 0.05 வரம்பு போட்டது இதற்காகத்தான்.

*தமிழில் ஸ்கோர் எழுதினால் கொம்பு தனியே, எழுத்து தனியே நிற்கிறது.* இது உங்கள் தவறல்ல. எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் வசதி எல்லா நிறுவலிலும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. 'ஸ்கோர்', 'ஃபவுல்' போன்ற மாறாத சொற்களை வேறு மென்பொருளில் எழுதிப் படமாகச் சேமித்து, மூன்றாவது படியில் ஏற்றிக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் நிரல் எழுதட்டும்.

> உபாயம்: எந்தத் தவறு என்று புரியாவிட்டால் டிக்(60)-ஐ டிக்(2) என்று மாற்றி, நான்காவது படியின் 0.05 வரம்பைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு ஓடவிடுங்கள். நொடிக்கு இரண்டே படம். எது முதலில் வருகிறது, எது எதை மூடுகிறது என்பதை வெறும் கண்ணால் பார்க்கலாம். மின்னும் திரையை ஸ்கிரீன்ஷாட்டில் பிடிக்க முடியாது. போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தால் மாட்டிக்கொள்ளும்.

வேகம் யாருடையது?

1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில், சுடச்சுட மிச்சமிருக்கும் எதிரிகள் வேகம்பிடித்து வருவார்கள். உருவாக்கியவர் தொமோஹிரோ நிஷிகாடோ. எதிரிகள் குறையக் குறைய அந்தக் காலத்துப் பொறிக்கு வரையும் வேலை குறைந்தது, அதனால் ஓட்டம் கூடியது. ஆட்டம் சுவாரசியமாகிவிட்டதால் அவர் அதை அப்படியே விட்டுவிட்டார். அவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் நிரல் ஒரே பொறியில் ஓடப்போவதில்லை. எண்ணூரில் உள்ள நண்பரின் பழைய லேப்டாப்பிலும், கல்லூரி ஆய்வகத்தின் புதுக் கணினியிலும் ஓடவேண்டும்.

ஆகவே 'ஒரு சுற்றுக்கு 20 பிக்சல்' என்று எழுதாதீர்கள். 'நொடிக்கு 1200 பிக்சல்' என்று எழுதி இடைவெளியால் பெருக்குங்கள். இதுவரை பலரும் சரியாகச் செய்துவிடுவார்கள். சறுக்குவது உராய்வில். ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தை 0.98-ஆல் பெருக்கினால் பார்வைக்கு அழகாக ஓடி நிற்கும், ஆனால் கணக்கைப் பாருங்கள்: நொடிக்கு 60 சுற்று ஓடும் கணினியில் ஸ்ட்ரைக்கர் மொத்தம் 1000 பிக்சல் போகும், 30 சுற்று ஓடும் கணினியில் 2000 பிக்சல் போகும். மெதுவான கணினியில் போர்டுக்குப் பவுடர் இரட்டிப்பாகிவிட்டது! ஆறாவது படியில் பெருக்காமல் கழித்ததன் காரணம் இதுதான். நிஜ மரப்பலகையில் வழுக்கும் பொருளும் ஏறத்தாழ அப்படித்தான் வேகம் இழக்கிறது.

கழிக்கும்போது பூஜ்யத்தில் நிறுத்த மறந்தால் வேகம் எதிர்க்குறிக்குப் போய், நின்ற ஸ்ட்ரைக்கர் தானாகப் பின்னால் நகரத் தொடங்கும். ராத்திரி தனியாக உட்கார்ந்து எழுதுகிறவர்கள் பயப்படவேண்டாம்.

டர்போ சி ஆய்வகத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு

டர்போ சியின் நீலத் திரையில் கிராஃபிக்ஸ் பயிற்சி செய்தவர்கள், கிளியர்டிவைஸ் போட்டு அழித்து, மறுபடி வரைந்து, டிலே கொடுத்து, கண் எரியும்வரை மின்னலைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நேராகத் திரையிலேயே வரைகிறோம், ஷட்டர் கிடையாது. ஆனால் அதிலும் வழி உண்டு. செட்ஆக்டிவ்பேஜ் மூலம் மறைவான பக்கத்தில் வரைந்து, செட்விஷுவல்பேஜ் மூலம் அதைக் காட்டுங்கள். 640×480 முறையில் ஒரே பக்கம்தான் இருப்பதால் இது வேலைசெய்யாது. 640×350 முறைக்கு இறங்கினால் இரண்டு பக்கம் கிடைக்கும்.

பாதுகாப்பு

மின்னும் திரையை அழகுக்குறைவு என்று மட்டும் எண்ணிவிடவேண்டாம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில், சிவப்பும் நீலமும் வேகமாக மாறிமாறி மின்னிய காட்சியால் அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், வலிப்பும் மயக்கமுமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதனால்:

- திரை படபடத்தால் உடனே ஜன்னலை மூடிவிட்டு நிரலில் தவறைத் தேடுங்கள். ஓடவிட்டபடி உற்றுப்பார்க்கவேண்டாம்.
- ஃபவுலுக்கோ ரெட் விழுந்ததற்கோ திரையை மின்னவைக்க ஆசைப்பட்டால் நொடிக்கு 3 முறைக்கு மேல் வேண்டாம். முழுத் திரையையும் சிவப்பாக்கவே வேண்டாம், பாக்கெட்டைச் சுற்றி ஒரு வளையம் போதும்.
- வலிப்பு வரலாறு உள்ள வீட்டில், சோதித்து முடிக்காத கேமைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள்.

டிக் கட்டளை இல்லாமல் சுழலை ஓடவிடுவதும் நல்லதல்ல. கணினியின் ஒரு கோர் முழுதாக அதிலேயே மாட்டிக்கொண்டு, மின்விசிறி இரையும், பேட்டரி இறங்கும். எண்ணூர், மணலி பக்கம் குடியிருப்பவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருங்கள். கரித்தூளும் உப்புக்காற்றும் லேப்டாப் விசிறியில் சீக்கிரம் படியும், அடைத்த விசிறி சூட்டை வெளியே தள்ளாது. மடியிலோ மெத்தையிலோ வைத்து ஓட்டாதீர்கள். கடல் பக்கம் திறந்த ஜன்னலுக்கு நேரே இரவு முழுக்க விட்டுவைக்கவும் வேண்டாம்.

கடைசிச் சோதனை

1. ஸ்ட்ரைக்கரை 296, 498-ல் வைத்து, அதற்கு நேர் மேலே, 296, 100 என்ற இடத்தை நோக்கி அடியுங்கள். மவுஸ் துல்லியமாக விழாது, அதனால் சோதனைக்கு மட்டும் இந்த எண்களை நிரலிலேயே எழுதிவிடலாம்.

2. 1200 வேகத்தில் கிளம்பி 800 வீதம் குறையும் ஸ்ட்ரைக்கர் மொத்தம் 900 பிக்சல் போகும். மேல்சட்டம் வரை 481, மீதி 419 திரும்பி வரும். ஒய் 436 அருகே நிற்கவேண்டும்.

3. டிக்கில் 30, 60, 120 என்று மாற்றி மூன்று முறை ஓட்டிப்பாருங்கள். நிற்கும் இடங்கள் ஒரு காயின் அகலத்துக்குள் ஒத்துப்போனால் சரி. அரை போர்டு வித்தியாசம் இருந்தால் உராய்வை இன்னும் பெருக்கிக்கொண்டிருக்கிறீர்கள். சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டு நடுங்கினால், தாண்டிய தூரத்தை உள்ளே மடக்காமல் குறியை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்.

4. ஓடும்போதே உண்மையான சுற்று வேகத்தைப் பார்க்க, கடிகாரம்.கெட்_எஃப்பிஎஸ் தரும் எண்ணை ஜன்னலின் தலைப்பில் எழுதுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் பிரிண்ட் போட்டால் அதுவே வேகத்தைக் குறைத்துவிடும்.

மூன்று ஓட்டமும் ஒத்துப்போனதும் கோப்பைச் சேமித்து, வேறு பெயரில் ஒரு பிரதியும் எடுத்துவையுங்கள். 9 வெள்ளை, 9 கறுப்பு, ஒரு ரெட் என 19 காய்களையும் அடுத்த அத்தியாயத்தில் இதே கோப்பில்தான் அடுக்கப்போகிறோம்.